அப்பாவுக்கு, எனக்கு... அடுத்து மகளுக்கா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 34. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். 19 வயதில் தொண்டை வலியோடு ஒரு காய்ச்சல் வந்தது. அது விட்ட இரண்டு, மூன்று வாரத்தில் உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக சொரியாசிஸ் கிளம்பியது. அப்பாவுக்கும் இருந்தது. தம்பிக்கு இல்லை. அத்தை மகளைத்தான் கட்டியிருக்கிறேன். இப்போது நான்கு வயது மகளுக்கு முழங்கை மடிப்பில் சொரசொரப்பும் அரிப்பும். பரம்பரை வந்துவிட்டது என்று அம்மா அழுகிறார். எச்சிலைக் கொடுத்து மரபணு சோதனை செய்தால் தெரிந்துவிடும் என்கிறான் நண்பன். செய்யலாமா? எனக்குத் திட்டுகள் இப்போது குறைவுதான். காலையில் விரல்களை மடக்கத்தான் அரை மணி, முக்கால் மணி ஆகிறது.

பதில்: முதலில் குழந்தையின் முழங்கை. மடிப்புக்குள் என்று எழுதியிருக்கிறீர்கள். சொரியாசிஸ் பெரும்பாலும் முழங்கையின் வெளிப்பக்கம், முட்டி, தலை என்றுதான் பிடிக்கும். நான்கு வயதில், மடிப்புக்குள், அரிப்போடு என்றால் என் மனதில் முதலில் வருவது கரப்பான். அடோபிக் எக்ஸிமா என்று சீட்டில் எழுதுவோமே, அது. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் வேறு வேறு நோய், மரபணுக் கதையும் வேறு.

கரப்பானில் பெரிதும் அடிபடும் மரபணு ஃபிலாக்ரின். தோலின் மேலடுக்கை இறுக்கி, ஈரம் போகாமல் காக்கும் புரதம் இதிலிருந்து வருகிறது. இதில் பழுது என்றால் தோல் பொத்தல் விழுந்த கூரை மாதிரி: உள் ஈரம் வெளியே போகும், வெளித் தூசியும் கிருமியும் உள்ளே வரும். இந்தத் தொடர்பு 2006இல்தான் தெரிய வந்தது. நீங்களே ஒன்று பார்க்கலாம். குழந்தையின் உள்ளங்கையில் கட்டைவிரல் மேட்டை வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் நெருக்கநெருக்கமாக ஓடி, முழங்காலுக்குக் கீழே தோலும் மீன் செதில் போல வறண்டிருந்தால் ஃபிலாக்ரின் குறைவு என்று சந்தேகிக்கலாம். நான் பார்க்கும் கைரேகை ஜோசியம் இது ஒன்றுதான்.

குளிப்பாட்டியதும் துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். தேங்காய் எண்ணெய்தான் வீட்டில் இருக்கிறதென்றால் அதுவும் சரி. கடலைமாவு, பீர்க்கங்காய் நார் எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கிடைக்கிற கலவை க்ரீமை மட்டும் தொடவே தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். குழந்தையின் தோலை மெலிய வைத்துவிடும்.

இனி சொரியாசிஸ். எல்லாவற்றையும்விட அழுத்தமாகத் தெரிய வந்திருக்கும் மரபணு வகை ஆறாவது குரோமோசோமில் உள்ள ஹெச்.எல்.ஏ.-சி 06:02. செல்லுக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை வெளியே நீட்டி, 'இது நம்ம ஆளா, வெளி ஆளா' என்று நோய் எதிர்ப்புக் காவலர்களான டி-செல்களிடம் காட்டுவதுதான் ஹெச்.எல்.ஏ.வின் வேலை. 06:02 வகை சில சமயம் நம்ம ஆளையே வெளி ஆள் போலக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. டி-செல்கள் கொதிக்கின்றன, ஒரு மாதம் போல எடுத்துக்கொண்டு உதிர வேண்டிய தோல் ஒரு வாரத்துக்குள் மேலே வந்து செதிலாகிறது. இளம் வயதில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணுக்குப் பின், பொட்டுப் பொட்டாகத் தொடங்கும் சொரியாசிஸில் இந்த வகை அடிக்கடி காணப்படும். உங்கள் 19 வயதுக் கதை அப்படியே அதுதான்.

அப்படியானால் தம்பி எப்படித் தப்பினார்? அப்பாவிடம் ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு பிரதி. பிள்ளைக்கு ஒன்றுதான் போகும். உங்களுக்கு 06:02 போயிருந்தால், தம்பிக்கு மற்றது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவருக்கும் அதுவே போயிருந்தாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை. இந்தப் பிரதி உள்ள பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஆயுசுக்கும் சொரியாசிஸ் வருவதில்லை. புரதத் துண்டுகளை நறுக்கிக் கொடுக்கும் இ.ஆர்.ஏ.பி.1 என்ற இன்னொரு மரபணு எந்த வகை என்பதையும் பொறுத்தது. இப்படிச் சின்னச் சின்னப் பங்கு வைக்கிற இடங்கள் அறுபதுக்கும் மேல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஒட்டுமொத்த மரபணுவும் ஒன்றாக இருக்கும் ஒரே கரு இரட்டையரில்கூட, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது ஆய்வுக்கு ஆய்வு 35 முதல் 70 சதவீதம் வரைதான்.

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த பலா மரங்களை நினைத்துப் பாருங்கள். வேர் மேலாக ஓடிய மரமும் அதுவரை நின்று காய்த்துக்கொண்டுதானே இருந்தது? மரபணு அந்த வேர். தொண்டைத் தொற்று, புகை, குடி, உடல் பருமன், மன உளைச்சல், சில மாத்திரைகள் இவையெல்லாம் காற்று.

இதனால்தான் குழந்தைக்கு எச்சில் சோதனை வேண்டாம் என்கிறேன். 'இருக்கிறது' என்று வந்தால் பத்தில் ஒன்பது பங்கு வராத நோய்க்காக அந்தப் பிள்ளையைத் தினம் தினம் உரித்துப் பார்ப்பீர்கள். 'இல்லை' என்று வந்தாலும் அது உத்தரவாதமில்லை. இந்த வகை இல்லாமலே சொரியாசிஸ் வந்தவர்கள் ஏராளம். கரப்பானுக்கும் அதே கதை: ஃபிலாக்ரினில் ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் பழுதுகள் வேறு, நம் பக்கத்துப் பழுதுகள் வேறு. அவர்களுக்காகத் தயாரித்த சோதனை நம் பழுதைத் தவறவிடலாம். அந்தப் பணத்துக்கு ஒரு வருஷத்துக்கான மாய்ஸ்சரைசர் வாங்குங்கள்.

அத்தை மகள் விஷயம். அப்பாவிடம் 06:02 இருந்திருந்தால் அவருடைய தங்கையான உங்கள் அத்தையிடமும் அது இருக்கப் பாதி வாய்ப்பு, உங்கள் மனைவியிடம் கால் வாய்ப்பு. தோல் பளிச்சென்று இருந்தாலும் அவரிடம் அது இருக்கலாம். எனவே மகளுக்கு இரண்டு பக்கமிருந்தும் வரும் வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் சொரியாசிஸ் என்றால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று, அல்லது சற்றுக் கூடுதல். உங்கள் வீட்டில் அதைவிடச் சிறிது ஏறலாம், அவ்வளவுதான். இதை வைத்து அம்மா மருமகள் வீட்டாரைப் பேச ஆரம்பித்தால், முதல் பிரதி உங்கள் அப்பாவிடமிருந்துதான் புறப்பட்டிருக்கும் என்பதை மெல்ல எடுத்துச் சொல்லுங்கள்.

மகளுக்காகச் செய்யக்கூடியவை சாதாரணமானவை. தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். வீட்டுக்குள் யாரும் புகைக்க வேண்டாம். எடையைக் கவனியுங்கள். உங்களுக்கும் ஒன்று: கடலூர்க்காரர்கள் முள்ளோடை எல்லை தாண்டிப் புதுச்சேரிக்கு வந்து எதற்காக நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். குடி சொரியாசிஸைக் கிளறிவிடும். சொரியாசிஸுக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கல்லீரலும் சேர்ந்து அடிவாங்கும்.

கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்னீர்களே, காலையில் விரல் மடங்க முக்கால் மணி ஆகிறதென்று? கடிதத்திலேயே என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். சொரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு மூட்டுவாதம் சேர்ந்துகொள்ளும். தோலில் திட்டுகள் குறைவாக இருக்கும்போதும் அது வரும். விட்டால் மூட்டை அரித்துவிடும், அரித்தது திரும்பாது. நகங்களைப் பாருங்கள், ஊசியால் குத்தியது போலக் குழிகள் இருக்கின்றனவா? குதிகால் வலிக்கிறதா? ஏதாவது ஒரு விரல் மட்டும் முழுசாக வீங்கியிருக்கிறதா? இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே கடையை ஒரு நாள் தம்பியிடம் விட்டுவிட்டு, கோரிமேடு ஜிப்மருக்கோ பக்கத்தில் உள்ள மூட்டுவாத நிபுணரிடமோ போங்கள். குழந்தையையும் கூட்டிப்போனால் தோல் பிரிவில் அந்த முழங்கையையும் காட்டிவிடலாம்.