கோத்தகிரியில் சாய்ந்த மரம்: சீகைதான், ஆனால் எந்தச் சீகை?

மழையில் வீட்டுக்குப் பின்னால் சாய்ந்த மரம் என்ன, அடுப்புக்கு ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். புளிய இலை மாதிரிப் பொடி இலை, முள் இல்லை, பட்டையில் பிசின் என்கிறீர்கள். அப்படியானால் சீகை மரம்தான், ஆங்கிலத்தில் வாட்டில். (தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் வேறு, அது முள்கொடி.)

ஆனால் நம் மலையில் சீகை ஒன்றல்ல. இலை சாம்பல் பூத்து, பூ பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் வெள்ளைச் சீகை. கரும்பச்சை இலையும் வெளிறிய மஞ்சள் பூவும் என்றால் கறுப்பு வாட்டில். பூ இல்லையா? ஓர் இலையைப் பறித்து நடுக்காம்பை வெயிலில் பாருங்கள். கிளைக்காம்பு பிரியும் இடங்களில் மட்டும் சின்னப் புள்ளி மாதிரிச் சுரப்பி இருந்தால் வெள்ளை. இடையிடையேயும் இருந்தால் கறுப்பு.

கறுப்பு என்றால் யோசிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கனமான கட்டை, நின்று எரியும், கரியும் நன்றாக விழும். வெள்ளை இலேசு, சீக்கிரம் தீர்ந்துவிடும். பற்றவைக்கப் போதும்.

எதுவானாலும் பச்சையாகவே பிளந்துவிடுங்கள், காய்ந்தால் கோடரி திணறும். பட்டையை உரித்து, தரையில் படாமல், மேலே மட்டும் தகரம் போட்டு ஆறு மாதமாவது அடுக்கி வையுங்கள். நான் ஒரு ஜூலையில் அவசரப்பட்டு ஈரக்கட்டையை எரித்தேன், வீடு முழுக்கப் புகை, வெந்நீர் மட்டும் கொதிக்கவில்லை. காய்ந்துவிட்டது என்றால் முனையில் வெடிப்பு விட்டு, இரண்டு கட்டையைத் தட்டினால் 'டங்'கென்று கேட்க வேண்டும்.

அப்புறம், விழுந்ததோடு நிற்கிற மரத்தையும் வெட்ட நினைத்தால் முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். மலைப்பகுதி மரங்களுக்கென்றே 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பட்டா நிலத்துக்கும் பொருந்தும்.