அயர்லாந்து ஆங்கிலத்துக்குள் இருக்கும் ஐரிஷ்

தங்கச்சி, கார்க் நகரில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி பாஸ் பண்ணிய ஆங்கிலம் போதுமா, வாடகை எப்படி, எந்த ஜாக்கெட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். வாடகை அதிகம்தான், ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்கிக்கொள். மொழியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நான் வந்த புதிதில் அதைச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

ஷிஃப்ட் மாறும் ஹேண்டோவர் நேரத்தில் ஒரு நர்ஸ், "ஐயாம் ஆஃப்டர் கிவிங் ஹிம் த டேப்லெட்" என்பார். இனிமேல்தான் கொடுக்கப்போகிறார் என்று எடுத்துக்கொள்ளாதே. இப்போதுதான் கொடுத்தேன் என்கிறார். இந்த நாட்டின் பழைய மொழியான ஐரிஷில் அப்படித்தான் சொல்வார்கள், அது அப்படியே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. மருந்து விஷயம், வெட்கப்படாமல் திரும்பக் கேள், சார்ட்டையும் பார். "கிவிங் அவுட்" என்றால் திட்டுகிறார் என்று அர்த்தம், அதுவும் ஐரிஷ் வழக்குதான். போலீஸ் இங்கே கார்டா, பிரதமர் டீஷக். கழிவறைக் கதவில் ம்னா என்றிருந்தால் பெண்களுக்கு, ஃபிர் ஆண்களுக்கு. எம், எஃப் என்ற முதல் எழுத்தை மட்டும் பார்த்து, ஆங்கிலம் என்று நினைத்து நுழைந்துவிடாதே.

பல வருஷம் இங்கே இருந்தும் "இவங்களுக்கு இங்கிலீஷே வராது" என்று பேசும் நம் ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தமிழ்ப் பற்று பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், பிள்ளைக்குப் பள்ளியில் ஐரிஷ் எதற்கு என்றும் அவர்களே கேட்பார்கள். 1845இல் தொடங்கிய பஞ்சத்தில் இந்த நாட்டில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், கிட்டத்தட்ட அதே அளவு பேர் கப்பலேறினார்கள். ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிதான் அதிகம் அடிபட்டது. பிழைப்புக்காக ஆங்கிலத்துக்கு மாறியவர்கள் பழைய மொழியின் பேச்சை அதற்குள் கொண்டுவந்தார்கள். அதைப் போய்த் தப்பு என்பதா? நான் மகளோடு உட்கார்ந்து ஐரிஷ் வீட்டுப்பாடம் படிக்கிறேன், அதில் எனக்குப் பெருமைதான்.

என் வார்டில், மேற்கே உள்ள கானமாரா பகுதியிலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார், வீட்டில் ஐரிஷ் மட்டுமே பேசி வளர்ந்தவர். விஸ்கி எங்கள் வார்த்தை, "இஷ்கெ பாஹா", உயிர்த் தண்ணீர் என்பார். ஏராளம் என்று அர்த்தம் தரும் ஆங்கில "கலோர்" கூட எங்களுடைய "கோ லோர்"தான் என்று கட்டில் கம்பியைத் தட்டித் தட்டிச் சொல்வார். நன்றிக்கு "கோ ரெவ் மஹ் அகத்" என்று கற்றுக்கொடுத்தது அவர்தான். உச்சரிப்பு சரியாக வரும்வரை மாத்திரைக் கப்பைக் கையிலேயே வைத்திருப்பார், சொன்ன பிறகுதான் விழுங்குவார்.