கரீபியனில் பத்துப் பன்னிரண்டு நாள், தீவு தீவாகக் கடற்கரை பார்க்க எப்படித் திட்டமிடுவது?

வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரிவதால் ஜமைக்கா, பஹாமாஸ், பார்படோஸ் மூன்றையும் ஒரே சுற்றில் முடித்துவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். ஜமைக்காவுக்கும் பார்படோஸுக்கும் நடுவே மட்டும் சுமார் 1,900 கிலோமீட்டர் கடல். பாதி விடுமுறை விமான நிலையங்களிலேயே போய்விடும். ஒரே தீவுக்கூட்டத்தைப் பிடித்துப் படகில் போவதுதான் புத்திசாலித்தனம். என்னைக் கேட்டால், செயின்ட் வின்சென்ட்டில் தொடங்கிக் கிரெனடாவில் முடியும் கிரெனடீன்ஸ்.

திசை முக்கியம், வடக்கிலிருந்து தெற்கே வாருங்கள். இங்கே காற்று பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்கிலிருந்துதான். வடக்கே போகும் படகு அலையை எதிர்த்து முட்டிக்கொண்டே போகும். தெற்கே வந்தால் ஆட்டம் குறைவு. டிசம்பர், ஜனவரியில் காற்று இன்னும் வேகம் எடுக்கும். குமட்டல் வருபவர்கள் படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டு, கீழ்த்தளத்தில் படகின் பின்பகுதியில் உட்கார வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு மாத்திரை போட்டுப் பிரயோஜனமில்லை.

பார்படோஸிலிருந்து செயின்ட் வின்சென்ட்டுக்குச் சிறு விமானம். தலைநகர் கிங்ஸ்டவுன் துறைமுகத்திலிருந்து பெக்குவே தீவு ஒரு மணி நேரம், ஒரு நாளில் பல படகுகள். மூன்று இரவாவது இங்கே தங்கலாம். பிரின்சஸ் மார்கரெட், லோயர் பே இரண்டும் மேற்குப் பக்கக் கடற்கரைகள், தண்ணீர் அமைதியாக இருக்கும். தங்குமிடம் எந்தத் தீவில் எடுத்தாலும் மேற்குப் பக்கமாகவே பாருங்கள். 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி அட்லாண்டிக்கிலிருந்து குவியல் குவியலாக வந்து கிழக்குக் கரைகளில் ஒதுங்குகிறது. அழுகினால் முட்டை நாற்றம்.

அடுத்து யூனியன் தீவு. தெற்கே போகும் படகுகளின் அட்டவணை அடிக்கடி மாறும், பெக்குவேயிலேயே விசாரித்துவிட்டு அறை போடுங்கள். 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் யூனியனையும் அதற்குத் தெற்கே உள்ள கரியாகூ தீவையும் நொறுக்கிவிட்டது. பழைய ரிவ்யூவை நம்பாமல் விடுதிக்கே எழுதிக் கேளுங்கள். யூனியனிலிருந்து டொபாகோ கேஸுக்கு ஒரு நாள் படகுப் பயணம். ஆளில்லாத ஐந்து குட்டித் தீவுகள், கிழக்கே ஹார்ஸ்ஷூ பவளப்பாறை. அலையைத் தடுப்பது அந்தப் பாறை மட்டும்தான். காற்றைத் தடுக்க மேடு எதுவும் இல்லாததால் பலத்த காற்று நாளில் நீந்தும்போது மூச்சுவிடும் ஸ்நார்கெல் குழாய்க்குள் தண்ணீர் ஏறும். ஆமை பார்க்க பாரடால் தீவுக்கரை போதும். அவை கடற்புல் மேய வரும் இடம், துரத்தினால் போய்விடும்.

யூனியனுக்கும் கரியாகூவுக்கும் நடுவே நாட்டு எல்லை இருக்கிறது: யூனியன் செயின்ட் வின்சென்ட் நாட்டைச் சேர்ந்தது, கரியாகூ கிரெனடாவைச் சேர்ந்தது. வாடகைப் படகுக்காரரிடம் பேசும்போதே குடியகல்வு முத்திரை வாங்கப் போகும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். கரியாகூவில் இறங்கியதும் நுழைவு முத்திரை. ஊர் திரும்பும் டிக்கெட் கிரெனடாவிலிருந்து என்பதால் அதன் அச்சுப் பிரதி கையில் இருக்கட்டும். செயின்ட் வின்சென்ட்டில் இறங்கும்போதே கேட்பார்கள். கரியாகூவிலிருந்து கிரெனடாவுக்கு ஃபெர்ரி உண்டு. கடைசி இரண்டு நாள் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரை.

இரண்டு நாட்டிலும் ஒரே பணம், கிழக்குக் கரீபிய டாலர். ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70, 1976 முதல் மாறாத விகிதம். சின்னத் தீவுகளில் கார்டை நம்ப வேண்டாம், பெக்குவேயில் ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலைக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி கைகொடுக்கும். 1861 ஜூன் 1 அன்று மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் செயின்ட் வின்சென்ட்டை அடைந்தது. நம் சமையலின் மிச்சம் இன்னும் தட்டில் இருக்கிறது. கலலூ கீரை சூப்பில் மட்டும் நண்டோ பன்றி இறைச்சியோ கிடக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரிக் காய் உதிர்ந்து கிடந்தால் தொடாதீர்கள். அது மான்சினீல். காயும் பாலும் விஷம். மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே தோலைக் கொப்புளமாக்கிவிடும். சில இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை பூசியிருப்பார்கள், எல்லா இடத்திலும் இல்லை.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பார்படோஸ், செயின்ட் வின்சென்ட், கிரெனடா மூன்று நாடுகளிலும் சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. சிக்கல் வழியில்தான். அமெரிக்காவில் விமானம் மாறவே விசா வேண்டும். லண்டன் வழி என்றால் டிரான்சிட் விசா. ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறும் டிக்கெட்டாக இருந்தால் வெளியே வர அனுமதிக்கும் வேறு வகை விசா. இராணுவ உடை போன்ற திட்டுத்திட்டான (கேமோஃப்ளாஜ்) டிசைன் டீ-ஷர்ட், தொப்பி, பை எதுவும் வேண்டாம், குழந்தைகளுக்கும்தான். மூன்று நாட்டிலும் சட்டப்படி தடை.