கடலுக்கு எப்போது, வயலுக்கு எப்போது?

கடற்கரையும் கிராமப்புறமும் சேர்ந்த விடுமுறைக்குப் பருவம் பார்த்துத் திட்டம் போடுவது பற்றி யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்குமேல் ‘எந்த மாசம் நல்லது?’ என்ற ஒரே கேள்விதான். மாசத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, கடல் எத்தனை வாரமாக வெயில் குடித்திருக்கிறது, வானத்தில் நிலா வளர்கிறதா தேய்கிறதா என்று பாருங்கள். மாசம் தானாகப் பிடிபடும்.

கேள்வி: மே மாசம் மத்தியதரைக் கடல் பக்கம் போயிருந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது, ஆனால் கடலில் கால் வைத்தால் விறைத்துப்போனது. தவறான இடத்துக்குப் போய்விட்டோமா?

பதில்: இடம் சரிதான், அவசரப்பட்டுப் போய்விட்டீர்கள். மண் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆறும். அதே எடையுள்ள காய்ந்த மண்ணைச் சூடாக்குவதைவிடத் தண்ணீரைச் சூடாக்க நாலைந்து மடங்கு வெப்பம் வேண்டும். போதாததற்கு, மேலே விழுகிற சூட்டை அலை கலக்கிக் கீழே அனுப்பிவிடும். அதனால் கடல் எப்போதும் ஒன்றிரண்டு மாசம் பின்னால்தான் நடக்கும். வடகோளத்தில் நீண்ட பகல் ஜூன் 21 வாக்கில். அங்கே மிதவெப்ப நாடுகளில் கடல் நன்றாகச் சூடேறி நிற்பது ஆகஸ்டு, செப்டம்பரில்.

இதிலிருந்தே பாதித் திட்டம் வந்துவிடும். வசந்தத்தில் போகிறீர்களா, நாட்களைக் கிராமப்புறத்துக்குக் கொடுங்கள். பூவும் பசுமையும் அங்கே இருக்கும், கடலைக் கரையில் நின்று பாருங்கள். நீந்த ஆசையா, கோடை முடியும் நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். இரண்டும் ஒரே பயணத்தில் வேண்டுமென்றால் நான் செப்டம்பர் முதல் பாதியைத்தான் எடுப்பேன். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மாதிரி தென்கோள நாடுகளுக்கு ஆறு மாசம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதே மழைக்காலத்தில்தான். கடல் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா, அக்கா?

பதில்: விட வேண்டாம், பக்கத்தை மாற்றுங்கள். பருவக்காற்று அடிக்கிற நாடுகளில் நடுவில் மலை இருந்தால் அது சுவர் மாதிரி. காற்று மோதுகிற பக்கம் நனையும், மறுபக்கம் காயும். இந்தியாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரை கொந்தளிக்கும். தென்கிழக்குக் கரைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இலங்கையில் தெற்கும் மேற்கும் டிசம்பரிலிருந்து மார்ச் வரை அடங்கியிருக்கும். கிழக்கே திருகோணமலை, அறுகம்பைப் பக்கம் நல்ல காலம் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து செப்டம்பர். மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நிறைய விடுதிகள் பூட்டியே கிடக்கும். ஒரே நாடு, இரண்டு காலண்டர்.

இன்னொன்று. மழைக்காலத்துக் கடலில் பார்க்க ஒன்றுமில்லை, கலங்கிக் கிடக்கும். மழைக்காலத்துக் கிராமம் அப்படியில்லை. நாற்று நடுகிற வயல், நிரம்பிய குளம், ராத்திரி முழுக்கத் தவளைச் சத்தம், எல்லாம் அப்போதுதான். ஆகவே மழை பெய்கிற பக்கத்தில் உள்நாடு, காய்ந்த பக்கத்தில் கடல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஈரக் காட்டுப் பக்கம் நடந்தால் அட்டை ஏறும். பிடித்து இழுக்காமல், அது வாய் வைத்திருக்கிற இடத்தில் நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: அமாவாசை, பௌர்ணமியில் கடல் பக்கம் போகாதே என்கிறார் என் மாமியார். இதெல்லாம் இந்தக் காலத்திலும் பார்க்க வேண்டுமா?

பதில்: மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அன்றைக்குச் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். இழுப்பு சேர்ந்துவிடுவதால் கடல் ஏறுவதும் அதிகம், வற்றுவதும் அதிகம். உச்சம் அன்றே வராது, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். பாதி நிலாவை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றும் குறைவு. மார்ச், செப்டம்பரில், இரவும் பகலும் சமமாகிற காலத்தையொட்டி, வித்தியாசம் இன்னும் கூடும்.

ஆனால் ‘போகாதே’ என்று முடித்துவிட மாட்டேன். இடத்தைப் பார்க்க வேண்டும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே 16 மீட்டர் வரை வித்தியாசம் வரும். மத்தியதரைக் கடலின் பெரும்பாலான கரைகளில் அரை மீட்டர்கூட வராது.

வித்தியாசம் பெரிதாக உள்ள கரையில் தண்ணீர் எப்படி ஏறும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏறுவதற்குச் சுமார் ஆறு மணி நேரம். அதை ஆறு சம பங்காக நினைத்துத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் 3, பிறகு 2, கடைசியில் 1. வித்தியாசம் 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முதல் மணியில் ஏறுவது ஒன்றரைச் சாண் உயரம்தான். ‘மெதுவாகத்தானே வருகிறது’ என்று தோன்றும். மூன்றாவது மணியில் அதே தண்ணீர் முழுசாக ஒரு மீட்டர் ஏறிவிடும். நூறு அடி நடந்தால் ஓரடி உயர்கிற சப்பையான கரை என்றால், அந்த ஒரு மணியில் கடல் 100 மீட்டர் உள்ளே வந்திருக்கும்.

நான் ஒருமுறை இப்படி மாட்டினேன். சிப்பி பொறுக்கிக்கொண்டே தூரமாகப் போய்விட்டேன். கண் எல்லாம் எதிரே அலைமேல். அலை இன்னும் தள்ளித்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் எனக்கும் கரைக்கும் நடுவில், வரும்போது ஈரக்கோடாக மட்டும் கிடந்த ஒரு பள்ளம் ஓடையாகிவிட்டிருந்தது. தண்ணீர் முன்னால் வருவதற்குள் பக்கவாட்டுப் பள்ளங்கள் வழியாகப் பின்னால் வந்துவிடும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. தொடையளவுத் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தேன். பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் இடுப்பளவு ஆகியிருக்கும். இப்போதெல்லாம் வற்று முடியும் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் இறங்கி, ஏறத் தொடங்கியதும் திரும்பிவிடுவேன். நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும் என்பதால் நேற்றைய நேரத்தை இன்றைக்கு நம்பாதீர்கள்.

கேள்வி: ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு வாண்டுகள். அலை பெரிதாக இல்லாத இடமாகப் பார்த்து இறக்கினால் போதுமா?

பதில்: போதாது. சில சமயம் அதுதான் பொல்லாத இடம். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்தோ மணல் கலங்கியோ, நுரை கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தால், கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வழி அது. வேகம் கூடினால் ஒலிம்பிக் நீச்சல்காரராலும் எதிர்த்து நீந்த முடியாது. அது ஆளை அடியில் அமுக்காது, வெளியே இழுத்துக்கொண்டு போகும். எதிர்த்து நீந்திக் களைத்துப்போகிறவர்கள்தான் மூழ்குகிறார்கள். சிக்கினால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்டுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு விலகுங்கள். பிள்ளைகளை இறக்குவதற்கு முன் கொஞ்சம் உயரமான இடத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள், பட்டை தெரியும். மீட்பர்கள் (லைஃப்கார்டுகள்) கொடி நட்டிருக்கும் கரை, அவர்கள் வேலையில் இருக்கும் நேரம், இரண்டையும் தாண்டி நான் எந்தப் பிள்ளையையும் இறக்கமாட்டேன். சீசன் முடிந்ததும் பல கரைகளில் மீட்பர்கள் இருக்கமாட்டார்கள், இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேகமூட்டமாக இருந்தால் சன்ஸ்க்ரீன் வேண்டாம்தானே?

பதில்: வேண்டும். மெல்லிய மேகத்தைத் தாண்டி 80 சதவீதம் வரை புறஊதாக் கதிர் வரும். கடல் நுரை 25 சதவீதத்தையும் காய்ந்த மணல் 15 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும். குடைக்குக் கீழே உட்கார்ந்தும் முகம் கருப்பது அதனால்தான்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. கோடையில் கூட்டிப்போகலாமா? கடல் காற்று உடம்புக்கு நல்லது என்கிறார்களே.

பதில்: வெப்பமானி காட்டுவதை மட்டும் பார்க்காதீர்கள். 32 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால் உடம்புக்கு அது 41 டிகிரி போல. வியர்வை காயாததுதான் காரணம். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை கடலோரம் படுபுழுக்கம், இலைகூட அசையாது. நிலம் நன்றாகச் சூடான பிறகுதான் கடல் காற்று கிளம்பும், பிற்பகலில் வலுக்கும். ஆகவே பெரியவர்களை விடியற்காலையிலும் மாலையிலும் கரைக்கு அழைத்துப்போங்கள், காற்று வராத முற்பகலில் அறையிலேயே இருக்கட்டும். அறை எடுக்கும்போது கடல் தெரிகிறதா என்பதைவிடக் கடல் பக்கம் ஜன்னல் திறக்குமா என்று கேளுங்கள்.

கிராமப்புறப் பாதிக்கு மேட்டு நிலமாகத் தேர்ந்தெடுங்கள். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அந்தக் குளுமைக்காகவே கடல் நாட்களைக் குறைத்துக்கொள்வேன். மாத்திரை விஷயத்தைக் கிளம்புமுன் அவர்களுடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், சில மருந்துகள் வெயிலில் உடம்பு நீரை இழப்பதைக் கூட்டும்.

கேள்வி: சீசன் இல்லாதபோது பாதி விலைக்கு அறை கிடைக்கிறது. மடக்கிவிடலாமா?

பதில்: ஏன் பாதி விலை என்று முதலில் கேளுங்கள். கூட்டம் குறைவு என்பதற்காக மலிவென்றால் மடக்குங்கள். புயல் காலம் என்பதற்காக மலிவென்றால் யோசியுங்கள். அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பரில். வங்கக் கடலில் மழைக்காலத்துக்கு முன்னால் ஏப்ரல், மே. பின்னால் அக்டோபர் முதல் டிசம்பர். மூன்றாவதாக ஒரு மலிவு உண்டு. நான் அப்படி ஒரு விடுதியில் தங்கினேன். சமையல்காரர் ஊருக்குப் போயிருந்தார், படகுகளைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டிருந்தார்கள், நீச்சல்குளத்தில் பாசி. படத்தில் பார்த்ததெல்லாம் இருந்தது, எதுவும் ஓடவில்லை. அதிலிருந்து புக்கிங்குக்கு முன் ‘அந்த வாரத்தில் எதெல்லாம் திறந்திருக்கும், புயல் எச்சரிக்கை வந்தால் ரீஃபண்ட் உண்டா’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். எனக்குப் பிடித்தது சீசன் முடிந்த முதல் இரண்டு வாரம். எல்லாம் இன்னும் திறந்திருக்கும், வரிசை மட்டும் இருக்காது.

கேள்வி: டிசம்பரில் இங்கிலாந்து கிராமங்களைச் சுற்றினால்?

பதில்: அழகுதான். ஆனால் லண்டன் வட்டாரத்தில்கூட அப்போது பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு நாளைக்கு ஒரு ஊருக்கு மேல் வைக்காதீர்கள்.

கேள்வி: கேமராவும் கையுமாக அலைகிறவன் நான். கிராமத்து நட்சத்திர வானம், கடலோரப் பாறைகள் இரண்டும் ஒரே வாரத்தில் வேண்டும்.

பதில்: உங்களுக்கு அமாவாசை வாரம். நிலவொளி இல்லாததால் வானம் இருட்டாக இருக்கும். அதே நாட்களில் கடல் அதிகமாக வற்றுவதால், மற்ற நாளில் முங்கிக் கிடக்கும் பாறைகளும் குட்டைகளும் வெளியே வரும். எரிகல் வேண்டுமென்றால் ஆகஸ்டு 12, 13 அல்லது டிசம்பர் 13, 14 இரவுகள் அமாவாசையை ஒட்டி வருகிற ஆண்டாகப் பாருங்கள். முக்காலியைப் பாறையில் நிறுத்திவிட்டுப் பின்பக்கப் பள்ளத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன செருப்புக் கதையை மறக்காமல்.

கேள்வி: மொத்தம் ஏழு நாள். எது முதலில், எத்தனை நாள்?

பதில்: கிராமம் முதலில். கடலுக்கு முதலில் போனால் பெட்டியில் ஏறிய மணல் கடைசிவரை கூடவே வரும், ஈரத்துணி நாறும், வெயிலில் வெந்த தோளோடு யாரும் வயல்வரப்பில் நடக்க விரும்பமாட்டார்கள். மூன்று நாள் உள்நாடு, நான்கு நாள் கடல். அந்த நான்கில் ஒன்றை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். காற்று முரண்டு பிடித்துப் படகு போகாத நாளில் அது கைகொடுக்கும். புயல் காலத்தில் மட்டும் இதைத் திருப்பிக்கொள்ளலாம். கிளம்பும் அன்று முன்னறிவிப்பு தெளிவாக இருந்தால் நேராகக் கடலுக்குப் போய்விடுங்கள், கிராமம் பிறகு. இரண்டு இடத்திலும் தேதி மாற்றித் தருவார்களா என்று முன்பே கேட்டு வைத்திருந்தால்தான் இந்தத் திருப்பம் நடக்கும்.