கியர் தானாக மாறும், கிளட்ச் நம் காலால் தேயும்

கேள்வி: ஐயா, எனக்குக் கம்பத்தில் வீடு. ஏலக்காய் வியாபாரம். வாரத்தில் பாதி நாள் கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு, புற்றடி பக்கம் போய்த் திரும்புகிறேன். இடது முட்டியில் வலி வந்ததிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியவில்லை. சின்ன பெட்ரோல் வண்டி ஒன்று ஆட்டோமேடிக்கில் வாங்க இருக்கிறேன். மகன் டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேடிக்) எடுக்கச் சொல்கிறான். எங்கள் மெக்கானிக்கோ, "மலைக்கு அது ஆகாதுண்ணே, ரெண்டே வருஷத்தில் கிளட்ச் போயிடும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: உங்கள் மகன் வண்டியைப் பார்த்துச் சொல்கிறார், மெக்கானிக் பாதையைப் பார்த்துச் சொல்கிறார். டிசிடிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் முடிவு உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

டிசிடி என்பது உள்ளுக்குள் மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதில் கிளட்ச் மட்டும் இரண்டு. ஒன்று 1, 3, 5, 7 கியர்களைப் பார்த்துக்கொள்கிறது, இன்னொன்று 2, 4, 6. நீங்கள் இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது தயாராகப் போட்டு வைக்கப்பட்டிருக்கும். மாற்ற வேண்டிய நேரத்தில் ஒரு கிளட்ச் விடுகிறது, மறு கிளட்ச் பிடிக்கிறது. நடுவில் இழுவை அறுபடுவதில்லை. ஒரே கிளட்சை இயந்திரமே இயக்கும் ஏஎம்டி வண்டியில் கியர் மாறும்போது தலை முன்னால் போய் வருமே, அது இதில் கிடையாது. ஏற்றத்தில் லாரியைத் தாண்டும்போது இந்த அருமை தெரியும்.

ஆனால் கிளட்ச் கிளட்ச்தான். நிற்கிற வண்டி நகர வேண்டுமென்றால் அது வழுக்கி வழுக்கித்தான் பிடிக்க வேண்டும். முதல் கியரில் ஆக்சிலேட்டர் தொடாமல் போகிற வேகம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் கீழே நீங்கள் ஊர்ந்தால் கிளட்ச் முழுசாகப் பிடிக்க முடியாது, பிடித்தால் என்ஜின் அணைந்துவிடும். அதனால் ஊர்கிற நேரம் முழுக்கத் தேய்ந்துகொண்டே இருக்கும். மேனுவல் வண்டியில் அரை கிளட்சில் நிற்பது கெடுதல் என்று நமக்குத் தெரியும், காலும் வலிக்கும், நாமே விட்டுவிடுவோம். இங்கே அதே அரை கிளட்சைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டு நிற்கிறது, நம் காலுக்கு ஒன்றும் தெரிவதில்லை. சூடு ஏறி, மீட்டரில் எச்சரிக்கை வந்த பிறகுதான் தெரியும்.

ஆகவே மலை டிசிடிக்குப் பகை இல்லை. இரண்டாவது கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் கம்பம்மெட்டு ஏறினால் கிளட்ச் இறுகப் பிடித்தபடி இருக்கும், ஒரு துளி தேயாது. ஏற்றத்தில் ஊர்கிற நெரிசல்தான் பகை. உங்கள் பாதையில் அது எப்போது வரும்? காலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளோடு சேர்ந்து ஏறும்போது கொஞ்சம். கார்த்திகை, மார்கழியில் நிறையவே. சபரிமலை கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத்தான் அனுப்புகிறார்கள், திரும்புவதுதான் குமுளி வழி. அந்த நாட்களில் நீங்கள் விடியுமுன் ஏறிவிட முடியுமா என்று யோசியுங்கள். முடியும் என்றால் மெக்கானிக்கின் பயம் பெருமளவு குறைகிறது.

அடுத்தது எந்த வகை டிசிடி என்பது. ட்ரை கிளட்சில் தட்டுகளைக் காற்றுதான் ஆற்ற வேண்டும். வெட் கிளட்சில் தட்டுகள் ஆயிலில் ஓடுவதால் சூடு சீக்கிரம் இறங்கும். ஹூண்டாய் ஐ20 என் லைனில் வரும் 7 கியர் டிசிடி ட்ரை வகை. பழைய வண்டி வாங்குவோர் தேடும் போலோ ஜிடி டிஎஸ்ஐயில் இருந்த 7 கியர் டிஎஸ்ஜியும் (ஃபோக்ஸ்வாகன் தன் டிசிடிக்கு வைத்த பெயர்) ட்ரைதான். 2022 மார்ச்சில் வந்த டாடா அல்ட்ராஸ் டிசிஏ (டாடாவின் டிசிடி) 6 கியர், வெட் கிளட்ச். ஆனால் அதன் என்ஜின் டர்போ இல்லாத 1.2 லிட்டர். நாலு பேரும் ஏலக்காய் மூட்டையும் ஏறினால் மலையில் நிதானமாகத்தான் போகும். ஐ20 என் லைனின் 1 லிட்டர் டர்போவில் 120 பிஎஸ் இருக்கிறது, மலை ஏறுவதே தெரியாது. வேகமான என்ஜினோடு ட்ரை கிளட்ச், நிதானமான என்ஜினோடு வெட் கிளட்ச் என்று சந்தை நம்மை இப்படி நிறுத்துகிறது.

என்னைக் கேட்டால், முட்டி வலியும் வாரத்தில் பாதி நாள் மலையும் சேர்ந்த உங்களுக்கு டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டியை முதலில் ஓட்டிப் பாருங்கள் என்பேன். அதில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே வேலை செய்வது ஆயில், ஊர்வதால் தேய்வதற்குக் கிளட்ச் தட்டு இல்லை. மாருதி ஃப்ரான்க்ஸ் டர்போவில் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் உண்டு. கியர் மாறுவது டிசிடி அளவுக்குச் சுறுசுறுப்பாக இருக்காது, பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். இரண்டையும் ஓட்டிய பிறகும் மனம் டிசிடியிடமே போனால் வாங்குங்கள், தப்பில்லை. அப்போது நீட்டித்த வாரண்டியும் சேர்த்து எடுங்கள். எடுப்பதற்கு முன் அதில் கியர்பாக்ஸும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருக்கிறதா, கிளட்ச் தட்டுகளைத் "தேய்மானப் பொருள்" என்று ஒதுக்கியிருக்கிறார்களா என்று வரி வரியாகப் படியுங்கள்.

டெஸ்ட் டிரைவை தேனி பைபாஸில் முடித்துக்கொள்ள விடாதீர்கள். மலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டு ஆட்களை ஏற்றி, கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். வாங்கப்போகும் வண்டியை ஓட்டப்போகும் பாதையில் ஓட்டிப் பார்ப்பது உங்கள் உரிமை.

கேள்வி: குமுளியில் இருக்கிறோம். ஒரு வருடமாக டிசிடி ஹேட்ச்பேக் வைத்திருக்கிறோம். வீடு ரோட்டிலிருந்து செங்குத்தான ஏற்றத்தில். ரிவர்ஸில் ஏற்றி நிறுத்தும்போது வண்டி வெடவெடவென்று நடுங்குகிறது, சில நாள் கருகல் வாடையும் வருகிறது. வண்டியில் கோளாறா?

பதில்: கோளாறு ஆகும் முன் நீங்கள் கேட்டது நல்லது, அம்மா. கருகல் வாடை கிளட்சிலிருந்து வருகிறது. செங்குத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கொஞ்சம் ஏற்றி, கண்ணாடியைப் பார்த்து, பிரேக்கைப் பாதி அழுத்தி, மறுபடி ஆக்சிலேட்டரைத் தொட்டு, தூண் இடிக்குமோ என்று தயங்கி, திரும்பக் கொஞ்சம். ஒவ்வொரு தயக்கத்துக்கும் மொத்த வண்டியின் எடையையும் ஏற்றத்தில் தாங்கிப் பிடிப்பது அந்தக் கிளட்ச் தட்டுதான்.

முடிந்தால் முறையைத் திருப்பிப் போடுங்கள். முன்பக்கமாக ஏறி நிறுத்துங்கள், வெளியே வரும்போது ரிவர்ஸில் இறங்குங்கள். இறக்கத்தில் கிளட்சுக்குச் சுமை இல்லை. ரோட்டுக்கு வரும் இடத்தில் ஒருவர் நின்று வண்டி வருகிறதா என்று பார்க்கட்டும், அது முக்கியம். முன்பக்கமாக ஏறும்போதும் கீழே சமதளத்திலேயே ஸ்டீயரிங்கை நேராக்கி, வாசலில் குறுக்கே எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஒரே மூச்சில் ஏற்றுங்கள். பாதியில் நிற்க வேண்டி வந்தால் பிரேக்கை முழுசாக அழுத்துங்கள். முழுசாக அழுத்தினால்தான் கிளட்ச் விடும், பாதி அழுத்தினால் பிரேக்கோடு அது மல்லுக்கு நிற்கும். ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி வைப்பது அறவே கூடாது. பிரேக்கை விட்டதும் வண்டியைத் தாங்கும் ஹில் அசிஸ்ட் இரண்டு விநாடிதான் பிடிக்கும், அதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

நிறுத்தும்போது இன்னொன்று. கால் பிரேக்கில் இருக்கும்போதே நேராக 'பி'யில் போட்டுக் காலை எடுத்தால், வண்டியின் பாரம் முழுக்கக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல்லில் போய் உட்காரும். மறுநாள் காலை 'பி'யிலிருந்து எடுக்கும்போது "டக்"கென்று ஒரு அடி விழுமே, அது இதனால்தான். முதலில் 'என்', பிறகு ஹேண்ட் பிரேக், பிறகு காலை மெதுவாக எடுத்து வண்டி ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும், மறுபடி பிரேக்கை அழுத்திக் கடைசியில் 'பி'.

வாடை வந்தாலோ சூடு எச்சரிக்கை வந்தாலோ ஓரங்கட்டி 'பி'யில் போட்டு என்ஜினை ஓட விட்டபடியே ஆறவிடுங்கள். நடுக்கம் சமதளத்திலும் தொடர்ந்தால் சர்வீஸ் சென்டரில் கிளட்ச் பிடிக்கும் புள்ளியைக் கம்ப்யூட்டர் வைத்துத் திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள், சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல நடுக்கங்கள் அதிலேயே அடங்கும்.

கேள்வி: கட்டப்பனையில் 2016 மாடல் ஃபோர்டு ஃபிகோ 1.5 பெட்ரோல் ஆட்டோமேடிக் மலிவாக வருகிறது. கேரளா பதிவு. நான் கூடலூர்க்காரன். வாங்கலாமா?

பதில்: ஓட்ட அருமையான வண்டி. ஆனால் அதில் இருப்பது பவர்ஷிஃப்ட் என்ற 6 கியர் டிசிடி. பல நாடுகளில் வழக்கு வரை போன கியர்பாக்ஸ் குடும்பம் அது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸ் இன்னும் கிடைக்கிறது, ஆனால் மலை மேல் நின்றுவிட்டால் எவ்வளவு தூரம் இழுத்துப் போக வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். வண்டியின் விலையோடு ஒரு கிளட்ச் செட் விலையையும் விசாரித்துக் கூட்டி, அப்போதும் மலிவாகத் தெரிந்தால் மட்டும் பேரம் பேசுங்கள்.

பதிவு விஷயத்தில் நம் எல்லைப் பக்கத்தில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். கேஎல் நம்பரோடு தமிழ்நாட்டில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவின்படி இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். விற்பவர் தன் ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கித் தர வேண்டும். வண்டி மேல் கடன் இருந்திருந்தால், அது தீர்ந்ததற்கான படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. அதற்கு மேல் தமிழ்நாட்டுச் சாலை வரி. இதையெல்லாம் விலை பேசும் முன் கேளுங்கள், முன்பணம் கொடுத்த பிறகு கேட்டால் பயன் இல்லை.

கேள்வி: உத்தமபாளையத்திலிருந்து எழுதுகிறேன். கோட்டயத்தில் ஒரு ஷோரூமில் புது டிசிடி வண்டி வாங்கினேன். சில மாதத்திலேயே முதல் கியரில் உதறல். மூன்று தடவை காட்டியும் "டிசிடி அப்படித்தான் இருக்கும், நீங்கள் ஓட்டும் விதம்" என்கிறார்கள். வழக்கு போட்டால் கோட்டயத்துக்கு அலைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். எங்கே வாங்கினீர்கள் என்பது தடை இல்லை. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருக்கும்வரை மாவட்ட ஆணையம்தான். கட்டணம் 5 லட்சம் வரை ஒன்றும் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், சில நிறுவனங்கள் அதிலேயே இறங்கி வரும்.

"நீங்கள் ஓட்டும் விதம்" என்ற பதில் புதிதல்ல. ஆஸ்திரேலியாவில் பவர்ஷிஃப்ட் உதறல் பற்றிப் புகார் சொன்னவர்களிடம், ஓட்டுபவரின் பழக்கம்தான் காரணம் என்றார்கள். 2018 ஏப்ரலில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம், புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஓட்டும் விதத்தால் கிளட்ச் தேயும் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன், அது உண்மை. ஆனால் புது வண்டி சில மாதத்தில் சமதளத்திலேயே உதறினால், காரணத்தைச் சோதித்துக் காட்டுவது அவர்கள் பொறுப்பு.

நீங்கள் செய்ய வேண்டியது காகிதம் சேர்ப்பது. ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டில் "முதல் கியரில் உதறல்" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுத வையுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்கேனர் ரிப்போர்ட் நகல் கேளுங்கள். அதே மாடலில் வேறொரு வண்டியை அதே ரோட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், "இதுவும் அப்படித்தான்" என்றால் அதை இமெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், மறுத்தார்கள் என்று நீங்களே அவர்களுக்கு இமெயில் அனுப்பி வையுங்கள். ஆணையம் தேவைப்பட்டால் பொருளை ஆய்வுக்கு அனுப்பவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கேள்வி: குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டிசிடிக்கு நல்லதா? பெட்ரோல் மிச்சம் ஆகுமா?

பதில்: இரண்டும் இல்லை தம்பி, ஆபத்து மட்டும்தான் மிச்சம். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்தக் கால என்ஜின்கள் பெட்ரோலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் என்ஜின் ஓடப் பெட்ரோல் எரியும். குமுளி செக்போஸ்ட் தாண்டியதும் மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாவது கியரில் வைத்துவிடுங்கள். டிசிடியில் என்ஜின் பிடிப்பு மேனுவல் வண்டி போலவே நன்றாக இருக்கும், பிரேக் சூடாகாது. ராட்சதக் குழாய்களைத் தாண்டி லோயர் கேம்ப் சமதளம் வந்த பிறகு 'டி'க்கு வந்தால் போதும்.