குழம்புச் சட்டிக்குப் போகாத கோழி

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி (வாசகி, ஆயர் ஈத்தாம்): ஐயா, வீட்டுக்குப் பின்னால் ஏழு கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழி வளர்க்கிறோம். ஆறடிக்கு நாலடி கூண்டு, மேலே தகரம். தீனி மிஞ்சிய சோறும் உடைத்த சோளமும்தான். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து பார்த்தால், பழுப்புக் கோழி கூண்டு மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நிற்கிறது. வாலடியில் ஐம்பது சென் காசு அளவுக்குத் தோல் பிய்ந்து சதை தெரிகிறது. மற்றதெல்லாம் சுற்றி நின்று கொத்துகின்றன. தூக்கிவந்து குளியலறையில் கட்டி வைத்திருக்கிறேன். மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினேன். இரண்டு நாளாகத் தண்ணீர் மட்டும் குடிக்கிறது. "இது தேறாது, சட்டியில் போடு" என்கிறார் என் மாமியார். மகளோ பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். பிழைக்குமா?

பதில்: பிழைக்கும் அம்மா. கோழித் தோல் காகிதம் மாதிரி கிழியும், ஆனால் சீக்கிரம் கூடியும்விடும். இந்த அளவுக் காயத்தில் கோழி செத்தால், பெரும்பாலும் ஈ மொய்த்துச் சாகும், இல்லை பட்டினியில் சாகும், அதுவும் இல்லையென்றால் நாம் அவசரப்பட்டுத் திரும்பக் கூட்டத்தில் விட்டுச் சாகும். தண்ணீர் குடிக்கிறது என்கிறீர்களே, அதுவே பாதி தெம்பு. மாமியாரை இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். மகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். கோழிக்கு இப்போது வேண்டியது இருட்டும் சத்தமில்லாத இடமும்.

முதல் வேலை, அந்த எண்ணெயை எடுப்பது. மஞ்சளால் கெடுதல் இல்லை. என் ஆத்தா தோட்டத்து லயத்தில் இதைத்தான் பூசுவார், சில கோழிகள் பிழைத்தும் இருக்கின்றன. ஆனால் எண்ணெய் இறகெல்லாம் ஊறி, தூசியும் எச்சமும் அதில் ஒட்டி, காயம் காயவே விடாது. பழைய கைலி ஒன்றால் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி, கோழியை இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள். கைலி முனையைத் தலைமேல் போடுங்கள், இருட்டு கண்டால் அடங்கிவிடும். சுற்றியுள்ள இறகில் மட்டும் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர். காயத்துக்கு உப்புத் தண்ணீர்: கொதித்து ஆறிய அரை லிட்டரில் ஒரு தேக்கரண்டி உப்பு. ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, அழுக்கு மிதந்து வெளியே வரும்வரை பீய்ச்சுங்கள். பஞ்சால் தேய்க்காதீர்கள், நார் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் பொவிடோன், புண்ணுக்குப் போடும் பழுப்பு அயோடின் மருந்து. பாட்டிலிலிருந்து அப்படியே ஊற்றக் கூடாது. பால் இல்லாத தேநீரான தே ஓ, அதிலும் கடைக்காரர் கஞ்சத்தனமாகப் போட்ட தே ஓ இருக்குமே, அந்த நிறத்துக்குத் தண்ணீர் கலந்து காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. நுரை பொங்கும் பெராக்சைடு வேண்டாம். பொங்குவதைப் பார்த்தால் நமக்குத் திருப்தி, ஆனால் புதிதாக வளரும் சதையும் சேர்ந்து வேகும். மனிதருக்கான மரத்துப்போகும் களிம்பு எதையும் பூசாதீர்கள். அந்த மருந்து கோழிக்கு ஒத்துக்கொள்ளாது.

காயத்தில் ஒட்டும் இறகுகளைக் கத்தரிக்கோலால் ஓரம் வெட்டுங்கள், பிடுங்க வேண்டாம். நீலமாக, தடித்த குருத்து மாதிரி முளைத்துவரும் இறகை மட்டும் தொடாதீர்கள். அதற்குள் இரத்தம் ஓடுகிறது, வெட்டினால் சொட்டும்.

இனி ஈ. நம் ஊர்ச் சூட்டில் ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு. முட்டை, இறகுத் தூரில் நொய்யரிசி ஒட்டியதுபோல வெள்ளையாகக் கொத்தாக இருக்கும். டார்ச் அடித்து காலையும் மாலையும் பாருங்கள், இடுக்கியால் எடுத்துவிடுங்கள். குளியலறை ஈரம் ஆகாது. காய்ந்த இடத்தில் ஒரு கூண்டு, அடியில் பழைய செய்தித்தாள், மேலே கொசுவலை. தாளைத் தினமும் மாற்றுங்கள். காயத்தில் நாற்றம் வந்தாலோ, புழு உள்ளே போய்விட்டாலோ, வயிற்றுக்குள் வரை கிழிந்திருந்தாலோ வெட்டினரிதான், கால்நடை மருத்துவர். போகுமுன் போன் செய்து கோழி பார்ப்பார்களா என்று கேளுங்கள். ஒரு கிளினிக்கில் நான் கூடையோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு, "நாய், பூனை மட்டும்தான்" என்றார்கள்.

தீனிக்கு, ஒரு முட்டையை அவித்து மசித்து வையுங்கள். கோழிக்கே முட்டையா என்று முகம் சுளிக்க வேண்டாம், அதைவிட நல்ல புரதம் வீட்டில் கிடையாது. முட்டைக் கோழித் தீவனத்தைத் தண்ணீரில் குழைத்தும் வைக்கலாம். தின்றதா என்று சந்தேகமாக இருந்தால், இரவில் நெஞ்சுக்கு மேலே வலப்பக்கம் தீன்பையைத் தொட்டுப் பாருங்கள். இரவில் உப்பலாகவும் விடியலில் காலியாகவும் இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மூன்றாம் நாளும் காலியாகவே இருந்தால் வெட்டினரியிடம் காட்டுங்கள்.

இவ்வளவும் சுலபம். எனக்குத் தெரியாமல் போனது இதற்கு அடுத்தது. ஜாவியில் வாடகை வீட்டில் இருந்தபோது புள்ளிக் கோழி ஒன்றுக்கு ஒன்பது நாள் வைத்தியம் பார்த்தேன். பொருக்கு காய்ந்ததும், பட்டப்பகலில் பழைய கூட்டத்தோடு விட்டுவிட்டு ரொட்டி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அது குப்புறக் கிடந்தது, முதுகில் பழைய இடமே மறுபடி திறந்திருந்தது. அன்று சாயங்காலமே போய்விட்டது.

கூட்டத்துக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெருப்-எபே, சிறு வயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர், 1921இல் அதை எழுதி வைத்தார். சில நாள் காணாமல் போன கோழிக்கு அந்த வரிசையில் இடம் போய்விடும். திரும்பி வந்தால் அது விருந்தாளி இல்லை, அந்நியர்.

ஆகவே பொருக்கு காய்ந்து சிவப்பு முழுதும் மறைந்த பிறகு, நோயாளியின் கூண்டைப் பெரிய கூண்டை ஒட்டிக் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் வையுங்கள். பார்க்கலாம், கொத்த முடியாது. ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். பிறகு ஓர் இரவில், எல்லாம் பரணில் அடைந்த பின், நடுவில் தூக்கி வையுங்கள். முக்கியமானது மறுநாள்: வெளிச்சம் வருமுன் எழுந்து அங்கே நில்லுங்கள். தீனித் தட்டு இரண்டு, தண்ணீர் இரண்டு, எதிரெதிர் மூலையில். ஒரு கோழி மட்டும் விடாமல் துரத்தினால், இந்த முறை அதைப் பிரித்து நாலு நாள் தனியே வையுங்கள். வெளியே போய்வந்தால் அதன் இடமும் ஆட்டம் காணும்.

கொத்திய கோழிகளைத் திட்டிப் பயனில்லை. 24 சதுர அடியில் ஏழு என்றால் ஒன்றுக்கு மூன்றரைகூட இல்லை. கூண்டுக்குள்ளேயே நாலு சதுர அடி வேண்டும், வெளியே உலாவ எட்டு, பத்து தனியாக. மத்தியானத் தகரம் வேறு அடுப்பு. மேலே கோணிச்சாக்கை நனைத்துப் போடுங்கள். சோறும் சோளமும் வயிற்றை நிரப்பும், இறகுக்குப் போதாது. முட்டைக் கோழித் தீவனத்தில் புரதம் நூற்றுக்கு 16 அளவில் இருக்கும், சோளத்தில் அதில் பாதிதான். புரதம் குறைந்தால் கோழி பக்கத்துக் கோழியின் இறகைப் பிடுங்கித் தின்னப் பார்க்கும். தீவனத்தை மாற்றுங்கள். ஒரு காங்கோங் கீரைக் கட்டைக் கோழியின் தலை உயரத்தில் கயிற்றில் தொங்கவிடுங்கள். அலகுக்கு வேலை கிடைக்கும்.

கேள்வி (வாசகர், புக்கிட் மெர்தாஜாம்): கொத்துப்பட்ட கோழிக்குத் தொடையெல்லாம் பச்சை பச்சையாக ஆகிவிட்டது. அழுகிவிட்டதா?

பதில்: இல்லை தம்பி, அது இரத்தக்கட்டு. நமக்கு நீலமாகிப் பிறகு மஞ்சளாகும். கோழிக்கு இரத்தச் சிவப்பு சிதையும்போது பச்சை நிறத்தோடு நின்றுவிடும். அதை மஞ்சளாக்கும் நொதி அதற்குக் கிடையாது. அடிபட்ட இரண்டு, மூன்று நாளில் பச்சை தெரியும், பிறகு தானாக வெளிறும். மோந்து பாருங்கள். நாற்றமில்லை, தோல் ஈரமில்லை என்றால் விட்டுவிடுங்கள். கறுத்து, கசிந்து, நாறினால்தான் அழுகல்.

கேள்வி (வாசகி, பட்டர்வொர்த்): மருந்து போட்ட கோழியின் முட்டையைச் சாப்பிடலாமா?

பதில்: வெறும் உப்புத் தண்ணீரும் நீர்த்த பொவிடோனும் என்றால் நான் சாப்பிடுகிறேன். வெட்டினரி ஆண்டிபயாட்டிக் கொடுத்திருந்தால், எத்தனை நாள் முட்டை ஆகாது என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். என் வீட்டில் அந்த நாள்களைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு, முட்டையை வாழைத் தூரில் புதைத்துவிடுவேன்.