பதில்: இலவசப் பேருந்து ப்ராஜெக்ட், எல்லாரும் ஒரே பதில் சொல்கிறார்கள்

மகளிர் இலவசப் பேருந்து பற்றி பி.ஏ. ப்ராஜெக்டுக்காக பஸ் ஸ்டாண்டில் கேட்டால், எல்லாரும் "நல்ல திட்டம்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு உங்கள் கேள்வியில்தான். "இதனால் உங்கள் வாழ்க்கை மேம்பட்டதா?" என்று நோட்டும் பேனாவுமாக நிற்கும் பிள்ளையிடம் யார் இல்லை என்பார்கள்?

அபிப்பிராயத்தை விட்டுவிட்டு, நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக பஸ் ஏறியது எப்போது? எங்கே போக? டிக்கெட் வாங்க வேண்டியிருந்தால் அன்றைக்குப் போயிருப்பீர்களா, நடந்திருப்பீர்களா, ஷேர் ஆட்டோவா? இதிலேயே சந்தை, ஆஸ்பத்திரி, அம்மா வீடு என்று விஷயம் கொட்டும். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் தொடங்கிய 2021 மே மாதத்துக்கு முந்தைய நிலைமையை இப்போது கேட்டால் நினைவு கொஞ்சம் ஏமாற்றும். அதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

அப்புறம், பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் ஏற்கெனவே பஸ்ஸில் போகிறவர்கள். இலவசமாக ஏறக்கூடிய சாதாரணக் கட்டண டவுன் பஸ் எட்டிப் பார்க்காத தெருவில் இருப்பவர்கள் அங்கே அகப்பட மாட்டார்கள். ஒரே ஒரு ஊரை எடுத்து, வீடு வீடாகப் போங்கள். நூறு பேர் வேண்டாம், இருபது பேரிடம் பொறுமையாகப் பேசினால் போதும். கைடு "சாம்பிள் பத்தாது" என்றால், இது நேர்காணல் ஆய்வு, சதவீதம் போடப் போவதில்லை என்று சொல்லுங்கள்.